சுற்றிப் பார்ப்பதும் படிப்பே

தேர்வு முடிந்துவிட்டது. கல்லூரி மூடிவிட்டது. கோடை விடுமுறை வந்துவிட்டது.

கிராமத்தில் இருக்கும் அப்பாவும் அம்மாவும் கவலைப்படுகிறார்கள். மகனோ மகளோ தொலைவில் உள்ள நகரத்தில் படிக்கிறார். விடுமுறையில் என்ன செய்வார்? வீணாக ஊர் சுற்றுவாரோ? பணம் செலவாகுமோ? இந்தக் கவலை நியாயமானதுதான்.

ஆனால் ஊர் சுற்றுவது எல்லாம் வீண் இல்லை. எப்படிச் சுற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. கண்ணைத் திறந்து சுற்றினால் அதுவும் படிப்புதான். கொல்கத்தா நகரத்தைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும்.

மாணவர்கள் நிறைந்த நகரம்

கொல்கத்தா மேற்கு வங்காளத்தின் தலைநகரம். ஹூக்ளி ஆற்றின் கரையில் இருக்கிறது. ஹூக்ளி என்பது கங்கையின் ஒரு கிளை.

கல்கத்தா பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு தொடங்கியது. சென்னை, பம்பாய் பல்கலைக்கழகங்களும் அதே ஆண்டில்தான் தொடங்கின. பிறகு ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் போன்ற பல வந்தன. பல மாவட்டங்களில் இருந்து பிள்ளைகள் இங்கே வந்து படிக்கிறார்கள். விடுதியில் தங்குகிறார்கள். வாடகை அறையில் தங்குகிறார்கள்.

விடுமுறையில் சிலர் ஊருக்குப் போகிறார்கள். சிலர் நகரத்திலேயே இருக்கிறார்கள். கையில் அதிகப் பணம் இருக்காது. ஆனால் நேரம் இருக்கும். பஸ்ஸும் ரயிலும் படகும் இருக்கும். நாலைந்து பேர் சேர்ந்து வாரம் ஓர் இடம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ள வேண்டும். போகும்போது ஒரு கேள்வியோடு போக வேண்டும். திரும்பும்போது பதிலோடு வர வேண்டும்.

முதல் வாரம்: ஆறும் பாலமும்

இந்த வாரத்தின் கேள்வி: இவ்வளவு பெரிய ஆற்றை மக்கள் எப்படிக் கடக்கிறார்கள்?

ஒரு காலத்தில் படகு மட்டும்தான். 1874-ஆம் ஆண்டு மிதவைப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். வரிசையாக மிதவைகளை நிறுத்தி, அவற்றின் மேல் பாதை போட்டார்கள். கப்பல் வந்தால் பாலத்தைத் திறந்து வழி விட வேண்டும். அதுவரை மக்கள் இரு கரையிலும் காத்திருக்க வேண்டும்.

பிறகு வந்ததுதான் ஹவுரா பாலம். 1943-ஆம் ஆண்டு திறந்தார்கள். பாலத்தின் நீளம் 705 மீட்டர். சுமார் 26,500 டன் எஃகு இதில் இருக்கிறது. ஆற்றின் நடுவில் ஒரு தூண்கூட இல்லை. இரு கரையிலும் உள்ள இரண்டு பெரிய கோபுரங்களே பாரத்தைத் தாங்குகின்றன. அதனால் கப்பலுக்கும் படகுக்கும் தடை இல்லை. இரும்புத் துண்டுகளைத் திருகாணி போட்டு முடுக்கவில்லை. பழுக்கக் காய்ச்சிய ஆணியை அடித்து இணைத்திருக்கிறார்கள்.

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இன்னொரு வழியும் வந்தது. ஆற்றின் அடியில் சுரங்கம் தோண்டி மெட்ரோ ரயில் விட்டார்கள். இந்தியாவில் ஆற்றின் அடியில் ஓடும் முதல் மெட்ரோ இதுதான். ரயில் ஒரு நிமிடத்துக்குள் ஆற்றைக் கடந்துவிடுகிறது.

படகில் ஒரு கரைக்குப் போகலாம். சுரங்க ரயிலில் மறு கரைக்குத் திரும்பலாம். பாலத்தில் நடக்கலாம். படகு, பாலம், சுரங்கம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். செலவு மிகக் குறைவு.

இரண்டாம் வாரம்: படிக்க முடியாத எழுத்து

இந்த வாரம் அருங்காட்சியகம். பழைய பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. கொல்கத்தாவில் உள்ள இந்திய அருங்காட்சியகம் 1814-ஆம் ஆண்டு தொடங்கியது. நம் நாட்டிலேயே இதுதான் மிகப் பழையது. திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் போகலாம். எகிப்து நாட்டில் இருந்து வந்த பதப்படுத்திய உடல்கூட இங்கே உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. கால் வலிக்கும். எதுவும் மனதில் நிற்காது. ஒரே ஓர் அறையைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. பார்ஹுத் என்னும் ஊரில் கிடைத்த கல்வேலி உள்ள அறையைச் சொல்லலாம். அந்தக் கல்வேலி 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதில் புத்தர் கதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்துக் கதையைப் புரிந்துகொள்ளலாம்.

படத்தின் பக்கத்தில் எழுத்தும் இருக்கிறது. அது பிராமி எழுத்து. இங்கேதான் கேள்வி வருகிறது. இவ்வளவு பழைய எழுத்தை இன்று எப்படிப் படிக்கிறார்கள்?

200 ஆண்டுகளுக்கு முன் இந்த எழுத்தைப் படிக்க யாருக்கும் தெரியாது. பண்டிதர்களுக்கும் தெரியாது. பெரிய பட்டம் பெற்றவர்களும் இதன் முன்னால் எழுத்தறியாதவர்களாகவே நின்றார்கள்.

அப்போது கொல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் என்னும் ஆங்கிலேயர் இருந்தார். நாணயம் அடிக்கும் சாலையில் உலோகத்தைச் சோதிப்பது அவர் வேலை. சாஞ்சி என்னும் ஊரில் உள்ள கல்வெட்டுகளின் படிகள் அவருக்கு வந்தன. எல்லாம் சின்னச் சின்ன வரிகள். பல வரிகள் ஒரே எழுத்துகளில் முடிந்தன. அவர் அதைக் கவனித்தார். கோயிலுக்குக் கல் கொடுத்தவர் தன் பெயரைச் செதுக்குவது வழக்கம் ஆயிற்றே என்று யோசித்தார். அப்படியானால் கடைசிச் சொல் ‘தானம்’ என்று இருக்கலாம்.

அவர் நினைத்தது சரிதான். அந்த ஒரு சொல்லில் இருந்து சில எழுத்துகள் தெரிந்தன. அவற்றைக் கொண்டு மற்ற எழுத்துகளைக் கண்டுபிடித்தார். அது 1837-ஆம் ஆண்டு. பிறகு அசோகர் கல்லில் எழுதிய செய்திகளையும் படிக்க முடிந்தது. இந்தியாவின் பெரும்பாலான எழுத்துகள் பிராமியில் இருந்து வளர்ந்தவை. தமிழ் எழுத்தும் அந்தக் குடும்பம்தான்.

தெரிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தெரியாத எழுத்தைக் கற்பது புதிதாகப் படிப்பவர்களுக்குத் தெரிந்த வழிதான். பெரிய அறிஞரும் அதே வழியில்தான் போனார்.

ஹூக்ளி ஆற்றங்கரையில் பிரின்செப் பெயரில் ஒரு படித்துறை இருக்கிறது. மாலையில் மாணவர்கள் அங்கே கூட்டமாக உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். அங்கே உட்கார்ந்தே அன்று பார்த்ததை நோட்டில் எழுதலாம்.

மூன்றாம் வாரம்: நடுமரம் இல்லாத ஆலமரம்

ஆற்றின் மறு கரையில் ஹவுரா இருக்கிறது. அங்கே சிப்பூர் என்னும் பகுதியில் ஒரு பெரிய தாவரத் தோட்டம் உண்டு. 1787-ஆம் ஆண்டு தொடங்கிய தோட்டம் இது. இன்று அறிவியல் அறிஞர் ஜகதீஷ் சந்திர போஸ் பெயரில் இருக்கிறது.

இந்தத் தோட்டத்தில் ஓர் ஆலமரம் இருக்கிறது. வயது 250-க்கும் மேல் இருக்கும் என்கிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு தோப்பு போலத் தெரியும். ஆனால் அது ஒரே மரம்.

இந்த மரத்துக்கு நடுமரம் இல்லை. பழைய புயல்களில் மரம் அடிபட்டது. பிறகு நடுமரத்தில் பூஞ்சைக் காளான் பிடித்தது. அது மற்ற பகுதிக்கும் பரவும் நிலை வந்தது. அதனால் 1925-ஆம் ஆண்டு நடுமரத்தையே வெட்டி எடுத்தார்கள்.

பிறகும் மரம் சாகவில்லை. அது எப்படி? ஆலமரத்தின் கிளைகளில் இருந்து விழுதுகள் இறங்கும். மண்ணைத் தொட்டதும் வேர் பிடிக்கும். நாளடைவில் தடித்துத் தூண் போல ஆகும். ஒவ்வொரு விழுதும் நீரை உறிஞ்சும், கிளையைத் தாங்கும். இன்று ஆயிரக்கணக்கான விழுதுகள் மரத்தைத் தாங்குகின்றன. 2020-ஆம் ஆண்டு மே மாதம் ஆம்பன் புயல் வந்தது. மரத்தின் ஒரு பகுதி சேதம் அடைந்தது. ஆனாலும் மரம் நிற்கிறது.

நான்காம் வாரம்: சாக்கடை எங்கே போகிறது?

இந்தக் கேள்வி பலருக்கும் அருவருப்பாக இருக்கும். ஆனால் நான்கு கேள்விகளிலும் முக்கியமானது இதுதான்.

பெரிய நகரத்தில் நாள்தோறும் ஏராளமான கழிவுநீர் சேர்கிறது. பல நகரங்களில் அது ஆற்றில் கலக்கிறது. ஆறு கெடுகிறது. கொல்கத்தாவில் நிலம் கிழக்குப் பக்கம் சரிவாக இருக்கிறது. அதனால் கழிவுநீரின் பெரும்பகுதி ஹூக்ளி ஆற்றுக்குப் போவதில்லை. கால்வாய் வழியாகக் கிழக்கே போகிறது. அங்கே பரந்த ஈரநிலம் இருக்கிறது. அதன் பரப்பு சுமார் 12,500 ஹெக்டேர்.

ஈரநிலத்தில் ஆழம் குறைந்த பெரிய குளங்கள் பல உண்டு. அங்குள்ள மக்கள் அவற்றை ‘பேரி’ என்று சொல்கிறார்கள். கால்வாயில் வரும் கழிவுநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்தில் விடுகிறார்கள். சில நாள் அப்படியே நிற்க விடுகிறார்கள். குளம் ஆழம் இல்லாததால் வெயில் நன்றாகப் படுகிறது. வெயில் பல கிருமிகளைக் கொல்கிறது. கழிவில் உள்ள சத்தைத் தின்று பாசி வளர்கிறது. பாசியை மீன் தின்கிறது. தண்ணீரும் தெளிகிறது. குளத்தில் இருந்து வெளியேறும் நீர் நெல் வயலுக்குப் போகிறது. பக்கத்தில் காய்கறியும் விளைகிறது. அந்த மீனும் காய்கறியும் நகரத்துச் சந்தைக்கே திரும்பி வருகின்றன.

பொதுவாகக் கழிவுநீரைச் சுத்தம் செய்யப் பெரிய இயந்திரங்கள் வேண்டும். மின்சாரம் வேண்டும். நிறையப் பணம் வேண்டும். இங்கே வெயிலும் பாசியும் மீனும் அந்த வேலையைச் செய்கின்றன. மக்களுக்குப் பிழைப்பும் கிடைக்கிறது.

இந்த முறையை எந்தக் கல்லூரியும் சொல்லிக் கொடுக்கவில்லை. மீனவர்களும் உழவர்களும் பல பத்து ஆண்டுகளாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். எவ்வளவு கழிவுநீர் விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், தண்ணீரின் நிறம் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். 1980-களில் துருவஜோதி கோஷ் என்னும் பொறியாளர் நகரத்தின் கழிவுநீர் எங்கே போகிறது என்று தேடிப் போனார். இந்த மக்களிடம் கேட்டுக் கற்றார். உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2018-ஆம் ஆண்டு அவர் காலமானார்.

நகரம் வளர வளர நிலத்தின் விலை ஏறியது. குளத்தைத் தூர்த்துக் கட்டடம் கட்டப் பலர் முயன்றார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 1992-ஆம் ஆண்டு கல்கத்தா உயர் நீதிமன்றம் குளங்களைத் தூர்க்கத் தடை விதித்தது. 2002-ஆம் ஆண்டு இது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2006-ஆம் ஆண்டு இதைக் காக்கத் தனிச் சட்டமும் வந்தது. ஆனால் சட்டம் மட்டும் போதாது. நகரத்து மக்களுக்கு இதன் அருமை தெரிய வேண்டும். தெரியாத ஒன்றை யாரும் காப்பாற்ற மாட்டார்கள்.

அதனால்தான் மாணவர்கள் இங்கே வர வேண்டும். வேடிக்கை பார்க்க அல்ல. இங்கே வேலை செய்பவர்தான் ஆசிரியர். பணிவோடு அனுமதி கேட்க வேண்டும். வேலைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

புத்தகமும் ரத்தமும்

வெளியே போகாத நாள்களும் உண்டு. அப்போது கல்லூரித் தெருவுக்குப் போகலாம். நடைபாதை எல்லாம் புத்தகக் கடை. பழைய புத்தகம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அலிப்பூர் பகுதியில் தேசிய நூலகம் இருக்கிறது. இந்தியாவின் மிகப் பெரிய நூலகம் இதுதான். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு படியை இங்கே அனுப்ப வேண்டும். தமிழ்ப் புத்தகங்களும் இங்கே இருக்கின்றன.

இன்னொரு நல்ல வேலையும் இருக்கிறது. கோடையில் ரத்த வங்கிகளில் ரத்தம் குறைந்துவிடும். கல்லூரிகள் மூடியிருக்கும். முகாம்கள் குறையும். ஆனால் நோயாளிகள் குறைவதில்லை. தலசீமியா என்னும் நோய் உள்ள குழந்தைகளுக்குச் சில வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ரத்தத்தைப் பல மாதம் சேர்த்து வைக்கவும் முடியாது. ஐந்தாறு வாரம்தான் தாங்கும்.

18 வயது நிறைந்தவர், 45 கிலோவுக்குக் குறையாத எடை உள்ளவர், உடல் நலமாக உள்ளவர் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். விடுமுறையில் ஒரு காலைப் பொழுதை இதற்குக் கொடுத்தால் ஓர் உயிர் பிழைக்கலாம்.

வெயிலில் கவனம்

கொல்கத்தாவில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமை. காற்றில் ஈரமும் அதிகம். வியர்வை காய்வதில்லை. அதனால் உடல் சூடு எளிதில் குறைவதில்லை. காலை 6 மணி முதல் 10 மணி வரை வெளியே போவது நல்லது. இல்லாவிட்டால் மாலை 4 மணிக்கு மேல் போகலாம். நடுப்பகலில் அருங்காட்சியகம், நூலகம் போன்ற நிழலான இடம் நல்லது.

சில மாலைகளில் திடீரென்று வானம் கறுக்கும். சூறைக்காற்றும் இடியும் மழையும் வரும். இதைக் ‘கால்பைசாகி’ என்கிறார்கள். அப்போது மரத்தடியில் நிற்கக் கூடாது. படகில் ஏறக் கூடாது. கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்க வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான நீர், 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு அதிகம் ஆகக் கூடாது.

இந்தக் கரைசலுக்கும் கொல்கத்தாவுக்கும் உறவு உண்டு. 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போர் நடந்தது. அகதிகள் லட்சக்கணக்கில் வந்தார்கள். பன்காவ் என்னும் ஊரில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் நீர் தீர்ந்துபோனது. கொல்கத்தா டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை ஊட்டினார்கள். 100 பேரில் 30 பேர் வரை இறந்த நிலை மாறியது. இறப்பு 100-க்கு 4-க்கும் கீழே இறங்கியது.

வெயிலில் ஒருவர் மயங்கினால், அல்லது உடல் கொதித்துப் பிதற்றினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும். உடலை நனைத்து விசிற வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது. தாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று விடுதியிலும் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போவது நல்லது. துணையோடு போவது இன்னும் நல்லது. பெற்றோரின் கவலை பாதி குறையும்.

நம் ஊரிலும் உண்டு

நான்கு வாரம் முடிந்ததும் நோட்டில் நான்கு கேள்வி இருக்கும். நான்கு பதிலும் இருக்கும். ஊருக்குப் போகும் மகனோ மகளோ அதை வீட்டில் படித்துக் காட்டலாம். அம்மாவும் அப்பாவும் தாங்களே வாங்கிப் படிக்கலாம். அப்போது விடுமுறை வீணாகவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதற்குக் கொல்கத்தாதான் வேண்டும் என்பது இல்லை. எல்லா ஊரிலும் ஒரு பாலம் உண்டு. ஒரு பழைய கல்வெட்டு இருக்கலாம். ஒரு பெரிய மரம் உண்டு. கழிவுநீர் போகும் வழியும் உண்டு. போய்ப் பார்க்கவும் கேட்கவும் எழுதிவைக்கவும் கல்லூரிப் பட்டம் தேவை இல்லை.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரின் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது? போய்ப் பார்த்தது உண்டா?

2. உங்கள் ஊரின் பழைய பாலம், குளம், கோயில், மரம் பற்றி நன்கு தெரிந்தவர் யார்? அவரிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள்.

3. உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை போட வேண்டும்? வீட்டில் மற்றவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.